வராதவர் பட்டியல்

வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், நாள் 6

அரசரின் கல்லறையைக் குடையும் நாற்பது பேருக்கு வருகை எழுதுபவன் நான். யார் வந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று தினமும் ஒரு கல் சில்லில் எழுதி மேஸ்திரி பாஷெத்திடம் கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் அதெல்லாம் மந்திரி அலுவலகம் போகும். இங்கே கல் சில்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் மிஞ்சியவற்றில் எனக்காகவும் எழுதிக்கொள்கிறேன். இவற்றை யாரும் கேட்பதில்லை. ஒரு பழைய பானையில் போட்டு வைக்கிறேன்.

இன்று வராதவர்கள்: ஒருவனுக்குத் தேள் கடி. ஒருவன் திருவிழாவுக்குக் கள் தயாரிக்கப் போயிருக்கிறான். ஒருவன் மனைவியோடு சண்டை போட்டு மண்டை உடைந்து கிடக்கிறான். ஒருவன் இறந்த தாயாருக்குத் துணி சுற்றப் போனான். இந்த வருஷத்தில் அவனுக்கு இது இரண்டாவது தாயார். கேட்டால் சின்னம்மா என்கிறான். போன மாதப் பட்டியலைப் பார்த்துவிட்டு மந்திரி அலுவலகத்தில், "இது கல்லறையா, சத்திரமா?" என்று கேட்டார்களாம். கேட்டது மேஸ்திரியை. திட்டு விழுந்தது எனக்கு.

மதியத்துக்குப் பிறகு ஓவியன் காசா சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். உள்ளறைக் கூரையில் நட்சத்திரம் வரைந்துகொண்டிருந்தான். நீலத்தின்மேல் மஞ்சள் நட்சத்திரங்கள், வரிசை வரிசையாக. அண்ணாந்து பார்த்தபடியே செய்யும் வேலை. அவ்வளவு நேர்த்தியான கை அவனுக்கு. விழுந்தபோது சத்தம்கூடப் போடவில்லையாம். விளக்குக்குத் திரி மாற்றப் போனவன்தான் பார்த்திருக்கிறான்.

மேஸ்திரி என்னிடம் வந்தார். "காலையில உங்ககிட்ட நின்னு ஏதோ பேசிக்கிட்டிருந்தானே, என்ன?"

"வழக்கமான பேச்சுதான்," என்றேன். "கள் வாசம் அடிச்சுது."

அப்படியே பதிவிலும் எழுதினேன். காசா: குடித்துவிட்டு இறங்கினான், விழுந்தான்.

நாள் 7

எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூட விடுப்புக் கேட்கவில்லை.

நாள் 9

எட்டு நாள் மலைக் குடிசையில் தங்கி வேலை, இரண்டு நாள் ஊரில் ஓய்வு. இன்று இறங்கி வந்தோம். காசாவின் மனைவி மெரித் ஊர் வாசலிலேயே நின்றிருந்தாள். துக்கத்தில் அள்ளிப் போட்ட புழுதி தலையெல்லாம். உடலை அன்றைக்கே ஆற்றங்கரைப் பதனக் கூடாரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாற்பது நாள் உப்பில் வைப்பார்கள், பிறகு துணி சுற்றுவார்கள், எழுபதாம் நாள் அடக்கம்.

மேஸ்திரி அவளிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். அரசரின் கல்லறைக்குள் குடித்துவிட்டு இறங்கியவனுடைய பேரை நம் ஆட்கள் யாரும் சவப்பெட்டியில் எழுதமாட்டார்கள். பெட்டி உண்டு, குழி உண்டு. பேர் கிடையாது.

பேர் இல்லாமல் மேற்கே, இறந்தவர்களின் நாட்டுக்குப் போகிறவனை அங்கே யாரும் கூப்பிட முடியாது. வைக்கிற ரொட்டியும் தண்ணீரும் யாருக்கென்று தெரியாமல் நிற்கும். செத்தவன் இன்னொரு தரம் சாவது அதுதான். இதை மேஸ்திரியும் அறிவார், மெரித்தும் அறிவாள், நானும் அறிவேன்.

"அவரு குடிக்கவே மாட்டாரு மேஸ்திரி," என்றாள். "திருவிழாவுக்கே வாயில வச்சுட்டு எங்கிட்ட குடுத்துருவாரு."

"எழுத்தர் எழுதியிருக்காரும்மா. நான் என்ன செய்யட்டும்?"

மெரித் என் பக்கம் திரும்பினாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். "அண்ணே, நீங்க தப்பா எழுத மாட்டீங்க. பக்கத்துல நின்ன வேற யார்மேலயாவது வாசம் அடிச்சிருக்குமோ?" என்று கேட்டாள்.

தப்பித்துக்கொள்ள வழியையும் அவளே போட்டுக் கொடுத்தாள். அதில்கூட எனக்குப் போகத் தெரியவில்லை. "அன்னைக்குக் கூட்டமா இருந்துச்சும்மா," என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி தூயா பயறு சமைத்திருந்தாள். உப்பு அதிகம் என்று சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

நாள் 19

ஓய்வு நாளில் எனக்கு ஒரு கைவேலை உண்டு. இறந்தவரோடு வைக்கும் சுருளை எழுதித் தருவேன். மேற்கே போனவர் நாற்பத்திரண்டு தெய்வங்கள் முன்னால் நின்று, இன்ன குற்றம் செய்யவில்லை என்று நாற்பத்திரண்டு தரம் சொல்ல வேண்டும். அவருடைய இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும் ஓர் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள்; பொய் சொன்னவருடைய இதயம் கனத்துத் தாழும். எனக்கு நாற்பத்திரண்டும் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இன்று ஓர் எண்ணெய் வியாபாரிக்காக எழுத உட்கார்ந்தேன். நான் திருடவில்லை. நான் கொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் மை சொட்டிவிட்டது. சுரண்டிவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடி சொட்டியது. வியாபாரியோ ஊரறிந்த புளுகர். அவருக்காக நான் தடுமாற வேண்டிய அவசியமே இல்லை.

"என்னங்க, மை ஏன் இப்படிச் சொட்டுது?" என்றாள் தூயா.

"வயசாகுதுல்ல," என்றேன்.

வெள்ளப் பருவம், நான்காம் மாதம், நாள் 10

மெரித் துணி கேட்டு வீடு வீடாக வந்தாள். ஒரு உடலைச் சுற்ற ஒரு வீட்டுத் துணி போதாது. பழைய விரிப்பு, கிழிந்த மேலாடை, எதுவானாலும் கொடுப்பது ஊர் வழக்கம். மேஸ்திரி தடுத்தது பேரைத்தான், துணியை அல்ல.

தூயா கொடுத்தது பழந்துணி இல்லை. துணிப்பெட்டியின் அடியிலிருந்து நல்ல போர்வையை எடுத்துவந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு நெய்தது.

மெரித் அதன் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். எங்கள் ஊர்ச் சலவைக்காரனுக்கு எழுத்து தெரியாது, ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் துணி மூலையில் ஒரு குறி உண்டு. எங்களுடையது ஒரு வட்டம், அதன் கீழே மூன்று கோடு. காசாவுடையது வாத்துக் கால். இந்தக் குறிகளை ஊரில் பெண்களெல்லாம் அறிவார்கள். துணி மாறிப் போனால் சண்டை அவர்களுக்குத்தானே.

"எழுத்துதான் எனக்கு ஆகாது, குறி எல்லாம் தெரியும்," என்றாள். வட்டத்தை விரலால் தடவினாள். "இதை உள்ள வச்சு சுத்த மாட்டேன் அண்ணி. கடைசி நாள் மேல்போர்வையா போத்துறேன். பேரில்லாம போனாலும் எழுத்தரண்ணன் வீட்டுத் துணியோட போகட்டும்."

அவள் போன பிறகு தூயா அழுதாள். நான் எழுதுகோலைச் சீவிக்கொண்டிருந்தேன். நாலு எழுதுகோலைச் சீவித் தீர்த்துவிட்டேன்.

நாள் 14

மலைக் குடிசைக்கு வந்த சலவைக்காரன் என் மேலாடைக்குப் பதில் வேறு யாருடையதையோ கொண்டுவந்து கொடுத்தான். நன்றாகத் திட்டினேன். ஒரு தப்பைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியாதவன்.

நாள் 20

மெரித் தெய்வத்திடம் கேட்கப் போகிறாளாம்.

ஊரைக் கட்டிய பழைய அரசர்தான் எங்களுக்குத் தெய்வம். மாதக் கடைசியில் அவருடைய சிலையைத் தோளில் தூக்கி வலம் வருவார்கள். வழக்குள்ளவர் இரண்டு சில்லுகளைப் பாதையில் வைப்பார். ஒன்றில் ஆமாம், மற்றதில் இல்லை. சிலை எந்தச் சில்லை நோக்கி முன்னே வருகிறதோ அதுதான் தீர்ப்பு. மேஸ்திரிக்கும் மேலே அது. அந்தச் சில்லுகளை எழுதுவது யார்? எழுத்தர்தான்.

"காசா குடிச்சிருந்தான்னு ஒண்ணு, குடிக்கலன்னு ஒண்ணு. நீங்களே எழுதிக் குடுங்கண்ணே," என்றாள். ஐந்து முட்டை கொண்டுவந்திருந்தாள். முட்டையைத் தூயா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்தப் பானையில் கிடப்பதை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன். ஆறாம் நாள் காலை காசா என்னிடம் வந்து, "அண்ணே, நேத்துலேர்ந்து தலை ரொம்ப சுத்துது. அண்ணாந்து பாத்தா கூரையே சுத்துது. இன்னைக்கும் நாளைக்கும் மட்டும் விடுங்க," என்றான். எனக்கு மந்திரி அலுவலகத் திட்டு நினைவில் இருந்தது. "ஏற்கெனவே நாலு பேரு வரல, அஞ்சாவதா நீயா? நட்சத்திரம்னா சுத்தத்தான்டா செய்யும், போ," என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

கள் வாசம் அடிக்கவில்லை. வெங்காய வாசம் அடித்தது. காலையில் ரொட்டியும் வெங்காயமும் தின்றிருந்தான்.

பொய் சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. மேஸ்திரி கேட்டார், பயந்துவிட்டேன், வாய் முந்திக்கொண்டது. அதன் பிறகு எழுதினேனே, அப்போது வாயைக் குறை சொல்ல முடியாது. எழுதியது கை. நிதானமாக எழுதியது. கையெழுத்துகூட அழகாகத்தான் இருந்தது.

நாள் 29

இரண்டு சில்லிலும் "காசா குடிக்கவில்லை" என்று எழுதினேன்.

தெய்வம் தவறாகப் போய்விடுமோ என்ற பயம். அல்லது சரியாகத் தேர்ந்தெடுக்கும்போது, பொய்ப் பதிவை எழுதியவன் யார் என்றும் பார்த்துவிடுமோ என்ற பயம். எது என்று எனக்கே தெரியவில்லை. தெய்வத்தையே ஏமாற்றத் துணிந்தவனுக்கு மேஸ்திரியிடம் உண்மை சொல்லத் துணிச்சல் இல்லை. இதைவிடக் கேவலம் உண்டா?

ஊரே தெருவில் இருந்தது. வழக்கப்படி எழுத்து கீழே இருக்க, மெரித் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தாள். ஆறு பேர் சிலையைத் தூக்கி வந்தார்கள். சிலை நின்றது. கொஞ்சம் பின்வாங்கியது. பிறகு வலப்பக்கமாக நாலடி முன்னே வந்தது. மேஸ்திரி குனிந்து சில்லை எடுத்து உரக்கப் படித்தார்.

"காசா குடிக்கவில்லை!"

மெரித் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டபோது நான் இடப்பக்கச் சில்லைக் காலால் மிதித்து, பிறகு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "என்ன எழுத்தரே, அன்னைக்குக் கள் வாசம் அடிச்சுதுன்னீங்க?"

இடுப்பிலிருந்த சில்லை இன்னும் உள்ளே தள்ளினேன். அதற்குள் அவரே, "உங்களுக்கு எப்பவும் மூக்கு அடைப்புதானே. சரி, பதிவைத் திருத்திருங்க," என்று முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மெரித்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இவ்வளவுதான். மூக்கடைப்பு. ஒரு மனிதனை இன்னொரு தரம் கொல்லப் பார்த்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை, முதுகில் ஒரு தட்டு.

நாள் 30

மந்திரி அலுவலகம் பார்த்துத் திருப்பியனுப்பியிருந்த மூன்றாம் மாதப் பதிவைத் திருத்தினேன். பழையதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "காசா: விழுந்து இறந்தான்" என்று எழுதினேன். ஆட்கள் காசாவின் பெட்டியில் பேர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மெரித் தேன் ரொட்டி கொண்டுவந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று பார்த்தால், தூயாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"மலைக்குப் போற அன்னைக்கே லேசா தலை சுத்துதுன்னாரு அண்ணி. ஜாஸ்தியான எழுத்தரண்ணங்கிட்ட கேளுங்க, அவரு விடுவாருன்னு சொல்லித்தான் அனுப்பினேன். அவருக்குத்தான் எதுலயும் கூச்சமாச்சே. கேட்டிருக்க மாட்டாரு. நானே மேல வந்து அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரு. நான்தான் கொன்னுட்டேன்."

தூயா என்னைப் பார்த்தாள். ஆறுதலாக நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை அல்லவா.

பேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், குற்றத்தை மட்டும் அவள் தலையில் விட்டுவைத்திருக்கிறேன்.

விதைப்புப் பருவம், முதல் மாதம், நாள் 9

இறந்தவருக்குக் கடிதம் எழுதுவது எங்கள் வழக்கம். புதுக் கிண்ணத்தின் உள்பக்கம் எழுதி, அதில் சாப்பாடு வைத்துக் கல்லறையில் விட்டால், சாப்பிட வருகிறவர் படித்துவிடுவார். இறந்தவர்கள் அங்கிருந்தபடி ஏதாவது செய்யக்கூடியவர்கள் என்பதால் உயிரோடு இருப்பவர்கள் அவர்களிடம் வழக்குகூடக் கொடுப்பார்கள்.

மெரித் கிண்ணத்தோடு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத்து நடைக்கு மாற்றவில்லை. அவள் சொன்னபடியே எழுதினேன்.

"நல்லா இருக்கீங்களா? அங்க தலை சுத்தல் நின்னுருச்சா? உங்க பேரை எழுதிட்டாங்க, மஞ்சள்ல, உங்க ஆளுங்களே எழுதினாங்க. ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். நீங்க விடுப்புக் கேட்டீங்களா, கேக்கலையா? கேக்கலைன்னா தப்பு எம்மேல, மன்னிச்சுருங்க. கேட்டு யாராவது மாட்டேன்னு சொல்லியிருந்தா, அது யாருன்னு எனக்குக் காட்டுங்க. கனவுல வந்து காட்டுங்க. காத்துக்கிட்டு இருப்பேன்."

முடித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவ்வளவுதாண்ணே."

எழுதுகோலை வைத்துவிட்டிருக்கலாம். அவளும் கிண்ணத்தை எடுத்துப் போயிருப்பாள். எழுபதாம் நாள் அதைக் கல்லால் மூடிவிடுவார்கள். அவள் தினமும் கனவுக்காகப் படுத்து, தினமும் ஒன்றும் காணாமல் எழுந்து, தன்மேல்தான் தப்பு என்று சாகும்வரை நம்புவாள்.

"ஒண்ணு பாக்கியிருக்கும்மா," என்றேன். கடிதத்தின் கீழே ஒரு வட்டம் போட்டேன். அதன் கீழே மூன்று கோடு.

"எங்க வீட்டுக் குறி வாத்துக் கால் இல்லையாண்ணே? இது உங்க வீட்டு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"அவன் கேட்டாம்மா. காலையில வந்து கேட்டான். நான்தான் விடல. கள் வாசமும் அடிக்கல. நானாச் சொன்னது."

திட்டுவாள், அறைவாள், ஊரைக் கூட்டுவாள் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டாரா?" என்றாள். "கூச்சப்படாம கேட்டாரா?"

"கேட்டாம்மா."

மை காயாத கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நாள் 10

மெரித் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது. ஊரில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதைச் சொல்ல வேண்டியது அவளல்ல, நான்.

நாள் 16

எழுபதாம் நாள். அடக்கத்துக்காக எல்லோரும் நேற்றே மலையிலிருந்து இறங்கிவிட்டோம்.

காலையில் கதவைத் திறந்ததும் வாசலில் எங்கள் போர்வை. மெரித் துவைத்து, மடித்து, வட்டமும் மூன்று கோடும் மேலே தெரியும்படி வைத்திருந்தாள்.

தூயா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க திருப்பிக் குடுத்துட்டா? மேல போத்துறேன்னு சொன்னாளே?"

அவளையும் உட்காரவைத்துச் சொன்னேன். முதலிலிருந்து, ஒன்று விடாமல், நட்சத்திர நகைச்சுவையையும் சேர்த்து. கடைசியில் மடிப்புக் கலையாத போர்வையைப் பார்த்து, "இதை இனிமே நாம எப்படிங்க போத்திக்கறது?" என்றாள். அதைத் துணிப்பெட்டியிலும் வைக்கவில்லை. அது முற்றத்திலேயே இருக்கிறது.

ஆட்கள் எல்லோரும் வேலை விட்டுச் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனார்கள். தெரு முனை திரும்பும்போது பெட்டியின் பக்கவாட்டில் பேர் தெரிந்தது. மஞ்சள் எழுத்து, கூரையில் அவன் போட்ட அதே மஞ்சள். மெரித் முன்னால் நடந்தாள். கையில் கிண்ணம் இருந்தது. நான் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.

எல்லோரும் போன பிறகு இன்றைய பதிவை எழுதினேன். பானைக்குள் போகும் சில்லில் அல்ல, மந்திரி அலுவலகத்துக்குப் போகும் சில்லில். இங்கே இருப்பது அதன் பிரதி.

விதைப்புப் பருவம், முதல் மாதம், நாள் 16. காசாவை அடக்கம் செய்யப் போனவர்கள்: எல்லோரும். போகாதவர்: எழுத்தர் நக்த்மின். காரணம்: மூன்றாம் மாதம் ஆறாம் நாள் காலை காசா தலை சுற்றுகிறது என்று விடுப்புக் கேட்டான். நக்த்மின் கொடுக்கவில்லை. அவன் குடித்திருந்தான் என்று எழுதியது பொய்.

தெய்வத்திடம் செய்ததைத் தெய்வம் விசாரித்துக்கொள்ளட்டும். இடுப்பில் செருகிவந்த அந்த இடப்பக்கச் சில்லையும் பதிவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் மேஸ்திரி வந்து வாங்கிக்கொள்வார். அவருக்குப் படிக்கத் தெரியும்.